சுயபுத்தியும் தேவசித்தமும்: ஒரு வியாபாரியின் பார்வையில்

சமணக் குடும்பத்தில் பிறந்து, எவர்சில்வர் பாத்திரம் விற்றுப் பிழைக்கும் ஒருவனுக்குக் கிறித்தவத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மும்பைக்கு வந்த நாளிலிருந்து, கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்த புத்தகங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். இன்னொரு ஆசிரியரும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பல கடைகளுக்குக் கணக்கு எழுதிய ஒரு கிறித்தவ நண்பர். அவர் 2021-இல் காலமாகிவிட்டார். அவரிடம் பட்ட ஒரு கடனை இந்தக் கட்டுரையில் கொஞ்சமாவது அடைக்கலாமென்று நினைக்கிறேன்.

கிறித்தவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. மனிதன் தன் சொந்த புத்தியை நம்பாமல் தேவன் நடத்தும் வழியை நம்ப வேண்டும் என்பது அது. வெளியிலிருந்து கேட்பவருக்கு, மூளையைக் கழற்றி வைத்துவிடு என்று சொல்வது போலத்தான் படும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் பட்டது. அது சரியா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெபமும் கணக்கும்

1996-இல் இரண்டாவது கடை ஒன்று போட எனக்கு ஆசை வந்தது. இடம் பார்த்தாச்சு. கடனுக்கும் ஏற்பாடு ஆச்சு. நம்பிக்கையான ஆள் ஒருவர் பங்காளியாக இருந்தால் நல்லது என்று நண்பரைக் கேட்டேன். “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மறுநாள் வந்து, “மூணு வருஷத்துக் கணக்குப் புஸ்தகம் வேணும்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜெபம்தானே பண்ணப் போறீங்க, கணக்கு எதுக்கு?” என்றேன். “ஜெபம் பண்ணதாலதான் கேக்கேன்” என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து பேரேடு முழுவதையும் பார்த்தார். பிறகு சொன்னார்: “கணக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் கேக்கேன், கோவப்படாதீங்க. இந்தக் கடை யாருக்காவ?”

என்னிடம் பதில் இல்லை. உண்மை என்னவென்றால், நான் பார்த்த இடம் என்னிடம் வேலை பார்த்துப் பிரிந்து போனவர் வைத்த கடைக்கு நேர் எதிரே இருந்தது. வாடகை, சரக்கு, வட்டி, விற்றுமுதல் எல்லாம் காகிதத்தில் எழுதியிருந்தேன். அந்த வயிற்றெரிச்சலை மட்டும் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. அவர் பங்குக்கு வரவில்லை. நான் தனியாகவே கடையைத் திறந்தேன். இரண்டே வருஷத்தில் மூடினேன். மூடும்போது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பாக்கிக் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தவர் அதே நண்பர்தான். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதன் பிறகுதான் அவர் படித்த வேதத்தை நானும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு சொற்கள்

நான் மேலே சொன்ன பேச்சுக்கு மூலம் பழைய ஏற்பாட்டில் ‘நீதிமொழிகள்’ என்னும் நூலின் மூன்றாம் அதிகாரம். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதியாக அது அமைந்திருக்கிறது. அங்கே மனித அறிவைக் குறிக்கத் தமிழ் வேதாகமத்தில் ‘சுயபுத்தி’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் ‘சாய்தல்’ கூடாது என்பது கருத்து. எபிரெய மூலத்திலும் இதே பொருள்தான். ஒருவன் கோலையோ ஈட்டியையோ ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டு நிற்பதைக் குறிக்கும் வினை அது. ஆகவே, கோலைத் தூக்கி எறி என்று அந்த நூல் சொல்லவில்லை. முழுப் பாரத்தையும் அதன்மேல் போடாதே, முறிந்தால் நீயும் விழுவாய் என்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விவிலியத்திலேயே அறிவை மிக உயர்த்திப் பேசும் நூல்களில் ஒன்று இந்த நீதிமொழிகள். முந்தின அதிகாரத்திலேயே, வெள்ளியையும் புதையலையும் தேடுகிற மாதிரி ஞானத்தைத் தேடச் சொல்கிறது. பலபேரிடம் ஆலோசனை கேள் என்கிறது. கள்ளத் தராசையும் கள்ளப் படிக்கல்லையும் கடுமையாகக் கண்டிக்கிறது. அறிவை வேண்டாம் என்பவர் இப்படியெல்லாம் எழுத மாட்டார். ‘சுய’ என்ற முன்னொட்டில்தான் விஷயம் இருக்கிறது. தன்னையே நீதிபதியாக்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்ளும் புத்தியைத்தான் அது எச்சரிக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இடையில் தமிழன்பர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு கிறித்தவர்கள் பல தலைமுறையாக வாசித்துவரும் வேதாகமம், ஹென்றி பவர் என்பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்தது. அதே பவர்தான் எங்கள் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1868-இல் அச்சிட்டவர். உ.வே.சா. முழு நூலையும் பதிப்பித்தது அதற்குப் பிறகு, 1887-இல். பிற சமயத்தார் நூலைப் பக்தியோடு படித்தால் தன் சமயம் கெட்டுப்போகும் என்று அந்தப் பாதிரியார் பயப்படவில்லை. நானும் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?

பூசணம் பிடித்த ரொட்டி

சுயபுத்தி எப்படி ஏமாறும் என்பதற்கு யோசுவா நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது. வியாபாரிகள் எல்லாரும் படிக்க வேண்டிய கதை.

இஸ்ரவேலர் கில்காலில் பாளயம் இறங்கியிருந்த சமயம். பக்கத்திலே இருந்த கிபியோன் ஊர்க்காரர்களுக்குப் பயம். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் போல வேஷம் போட்டுச் சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள வருகிறார்கள். கழுதைமேல் பழைய கோணிகள், கிழிந்து ஒட்டுப்போட்ட தோல் பைகள், காலில் தேய்ந்த செருப்பு, கையில் காய்ந்து பூசணம் பிடித்த ரொட்டி. புறப்பட்ட அன்று இது சூடாக இருந்தது, வழியிலே இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள்.

இஸ்ரவேலர் முட்டாள்கள் அல்ல. முதலில் சந்தேகப்படுகிறார்கள், நீங்கள் பக்கத்திலேயே குடியிருப்பவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பிறகு சாம்பிள் பார்க்கிறார்கள். ரொட்டி பழசு, பை பழசு, செருப்பு பழசு; ஆகவே பயணம் நீளம் என்று முடிவு கட்டுகிறார்கள். இதில் தர்க்கப்பிழை ஒன்றும் கிடையாது. சரக்கே பொய்யாக இருந்தது, அவ்வளவுதான். நூலாசிரியர் காட்டும் குறை ஒன்றே: தேவனிடம் கேட்கவில்லை. மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டது.

நாற்பது வருஷமாகச் சரக்குப் பார்த்து வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் கண்ணை ஏமாற்ற நினைப்பவன், நாம் எதைப் பார்ப்போம் என்று தெரிந்துகொண்டுதான் வருவான். அனுபவசாலி என்ற கர்வம் இருக்கிற இடத்தில்தான் அவன் சரக்கு விலைபோகும்.

இதைவிட முக்கியமானது கதையின் முடிவு. ஏமாந்துதான் வாக்குக் கொடுத்தோம், அதனால் அது செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆணையிட்டது ஆணையிட்டதுதான் என்று கிபியோனியரை உயிரோடு விட்டார்கள். விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொண்டார்கள். கேட்காமல் எடுத்த முடிவானாலும் கொடுத்த சொல்லைக் காப்பது கடமை. ‘அது என் தவறான முடிவு’ என்று சொல்லிக்கொண்டு கடன்காரனுக்குக் கைவிரிக்க இங்கே இடமில்லை.

துரோவாவில் அடைபட்ட கதவுகள்

சரி, வழிநடத்துதல் என்றால் வானத்திலிருந்து குரல் வருமா? புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் இதற்கு ஒரு பதில் தருகிறது.

பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க நினைக்கிறார். அன்றைய ‘ஆசியா’ என்பது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு ரோமானிய மாகாணம். அங்கே தடை. வடக்கே பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார். அங்கும் தடை. இரண்டு கதவும் சாத்தியபின், துரோவா என்னும் துறைமுகத்துக்கு வந்து சேருகிறார். ராத்திரி ஒரு தரிசனம்: மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று உதவிக்குக் கூப்பிடுகிறான்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. தரிசனம் கண்டது ஒருவர். அடுத்த வாக்கியத்திலேயே எழுத்து ‘நாங்கள்’ என்று மாறிவிடுகிறது. கண்டதை வைத்து அவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவுக்கு வந்தார்கள். அந்த இடத்தில் உள்ள கிரேக்க வினைக்குத் துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது என்று பொருள். ஆக, தடை, தரிசனம், கலந்தாலோசனை மூன்றும் சேர்ந்ததுதான் வழிநடத்துதல். அறிவு அங்கே வேலை செய்கிறது. தனியாக நாட்டாமை செய்யவில்லை.

கப்பலேறிப் பிலிப்பி நகருக்குப் போனபோது, ஆற்றங்கரையில் முதலில் செவிகொடுத்தவள் லீதியாள், இரத்தாம்பரத் துணி விற்கும் வியாபாரி. அவள் சொந்த ஊர் தியத்தீரா. அது எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தைப் பார்த்தால், அதே ஆசியா மாகாணத்தில்! எந்த வாசலில் போக முடியவில்லையோ, அந்த ஊர்க்காரியே வேறு கரையில் காத்திருக்கிறாள்.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. அதே பிலிப்பியில் பவுலுக்கும் சீலாவுக்கும் அடி உதை, சிறை, காலில் தொழுமரம். தேவன் காட்டிய வழியென்றால் முள் குத்தாது என்று விவிலியம் எங்கும் உத்தரவாதம் தரவில்லை. இயேசுவே கெத்செமனே தோட்டத்தில், வரப்போகும் துன்பம் நீங்காதா என்று மன்றாடிவிட்டு, கடைசியில் தம் விருப்பத்தைப் பிதாவின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கிறார். கிடைத்தது சிலுவை. என் நண்பரும் ஒருமுறை ஜெபித்து யோசித்து ஒரு வெளிநாட்டு வேலையை வேண்டாமென்றார். அடுத்த வருஷமே இங்கே இருந்த வேலையும் போய்ச் சிரமப்பட்டார். “உங்க சாமி ஏமாத்திட்டாரே” என்று நான் கிண்டல் பண்ணினேன். “வழி காட்டுதேன்னுதான் சொன்னாரு அண்ணாச்சி, லாபம் காட்டுதேன்னு சொல்லல” என்றார். தேவசித்தம் என்பது இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை என்று அன்றுதான் விளங்கிற்று.

தராசு முள்

நம் ஆசை எது, தேவன் காட்டுவது எது என்று பிரித்தறிவது எப்படி? கத்தோலிக்கத் திருச்சபையில் இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தவர் இஞ்ஞாசியார் லொயோலா, இயேசு சபையைத் தோற்றுவித்தவர். இவர் முதலில் போர்வீரர். மனம் மாறிய புதிதில், 1522-இல் மொன்செராத் மலைக்குப் போகும் வழியில் ஒரு மூர் இனத்தவரோடு மாதாவைப் பற்றி வாக்குவாதம் வந்தது. அவர் முன்னே போய்விட்டார். துரத்திப் போய்க் கத்தியால் குத்துவதா, விடுவதா என்று இஞ்ஞாசியாருக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளரவிட்டார். அது போகிற வழியில் போகட்டும் என்று. கழுதை வேறு பாதையில் போயிற்று. ஓர் உயிர் தப்பியது.

கழுதைமேல் பொறுப்பைப் போடுவது வழிநடத்துதல் இல்லை என்று பின்னாளில் அவரே உணர்ந்தார். 1548-இல் அச்சான அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் நிதானமான முறைகளைச் சொல்கிறார். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. முன்பின் தெரியாத ஒருவருக்கு இதே நிலை வந்தால் என்ன யோசனை சொல்வாயோ, அதையே நீயும் செய். சாகும் நேரத்தில் எப்படி முடிவெடுத்திருக்க விரும்புவாயோ, அப்படி இப்போதே எடு. எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும் தராசு போல உன் மனத்தை வைத்துக்கொள் என்கிறார்.

தராசு பிடித்தவனுக்கு இது உடனே புரியும். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போம். முள் முன்பே சாய்ந்திருந்தால், படிக்கல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. 1996-இல் என் படிக்கற்கள் எல்லாம் சரி. முள்தான் சாய்ந்திருந்தது.

ரசீது எழுதத் தயங்கிய கடைப்பையன்

இனி என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய ஒருவரைப் பற்றி. ஜான் உல்மன், 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறித்தவ சபையைச் சேர்ந்தவர். குவேக்கர்கள் கூடி மௌனமாக உட்கார்ந்து உள்ளொளிக்காகக் காத்திருப்பார்கள். சபை முடிவுகளுக்கு வாக்கெடுப்பு கிடையாது. எல்லாருக்கும் ஒரே மனம் வரும்வரை பொறுத்திருப்பார்கள்.

உல்மன் இளைஞராக மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, அதற்கு ரசீது எழுதச் சொன்னார். வாங்குபவர் காத்திருக்கிறார். சட்டம் அனுமதிக்கிறது. சொல்பவர் முதலாளி. வாங்குபவரோ தம் சபையையே சேர்ந்த பெரியவர். புத்தி எல்லாப் பக்கமும் ‘எழுது’ என்றது. உள்ளே ஏதோ உறுத்தியது. எழுதிவிட்டார். ஆனால் எழுதும்போதே, அடிமை வைத்திருப்பது கிறித்தவத்துக்குப் பொருந்தாது என்று இருவர் முகத்துக்கும் நேராகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டாம், எழுதாமலே இருந்திருக்க வேண்டும் என்று பிறகு வருந்தினார். அடுத்த முறை இன்னொருவர் அதே மாதிரி பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

பின்னர் அவரே கடை வைத்தார். வியாபாரம் பெருகிக்கொண்டே போனது. பெருகப் பெருக உள்ளே பாரமாக உணர்ந்தார். 1756-இல் கடை வியாபாரத்தை விட்டுவிட்டுத் தையல் தொழிலோடும் பழத்தோட்டத்தோடும் நின்றுகொண்டார். ஊர் ஊராகப் போய் அடிமை வைத்திருந்த குவேக்கர்களிடம் பேசினார், யாரையும் திட்டவில்லை. 1758-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபைக் காரியங்களிலிருந்து விலக்கி வைக்கத் தீர்மானித்தது. 1772-இல் இங்கிலாந்து போனவர், வண்டிக் குதிரைகளையும் வண்டியோட்டும் பையன்களையும் படுத்தும் பாட்டைக் கண்டு வண்டியில் ஏறாமல் நடந்தே போனார். அதே ஆண்டு யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். 1776-இல் அந்தச் சபை அடிமை வைத்திருப்பதையே தடை செய்தது. அமெரிக்க நாடு அந்த முடிவுக்கு வர 1865 வரை ஆனது.

குதிரை படும் துன்பத்துக்காக நடந்து போன அந்த மனிதரைப் படித்தபோது, எங்கள் ஊர்ச் சமண முனிவர்தான் என் நினைவுக்கு வந்தார். அது கிடக்கட்டும். இந்த வரலாற்றில் நான் கண்ட உரைகல் ஒன்று உண்டு. உல்மனுக்குக் கிடைத்த வழிகாட்டல் ஒவ்வொன்றும் அவருடைய சொந்த லாபத்துக்கு எதிராகவே இருந்தது. பிறருக்கு நன்மையாக முடிந்தது. ‘தேவன் சொன்னார்’ என்று ஒருவர் சொல்லும்போது, அதனால் பணமும் பதவியும் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். பாதி சந்தேகம் தீரும்.

இந்த உரைகல் ஏன் அவசியம் என்றால், தேவன் பேரைச் சொல்லிப் பிறருடைய புத்தியை அடகு வாங்குபவர்களும் உண்டு. 1978-இல் தென் அமெரிக்காவின் கயானாவில், ஜிம் ஜோன்ஸ் என்பவரை நம்பிப் போன 900-க்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, ஒரே நாளில் மாண்டார்கள். விவிலியம் இதை முன்பே அறிந்திருக்கிறது. எந்த ஆவியையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது யோவானின் கடிதம். கோயில் உச்சியிலிருந்து குதி, தேவன் தாங்குவார் என்று வேதவாக்கையே எடுத்துச் சொல்லி அழைத்தவன் சாத்தான், இயேசு குதிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகாமல் இருப்பதும் அப்படிப்பட்ட குதிப்புதான். தன் புத்தியின்மேல் சாயாதே என்றால், இன்னொரு மனிதனின் புத்தியின்மேல் கண்ணை மூடிச் சாய் என்று அர்த்தமாகாது.

எங்கள் நெறியும் இதுவும்

சமண நெறியில் உலகைப் படைத்து நடத்தும் கடவுள் கிடையாது. தீர்த்தங்கரர் வழியைக் காட்டுவார். நடக்க வேண்டியவன் நான். கிறித்தவரோ தன்னை அறிந்து, கூடவே வரும் ஒருவரை நம்புகிறார். இந்த வேறுபாடு பெரியது. அதைப் பூசி மெழுகி எல்லாம் ஒன்றே என்று சொன்னால் இரண்டு சமயத்துக்கும் மரியாதை ஆகாது.

ஆனாலும் ஓரிடத்தில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகள் போல நிற்கின்றன. எங்கள் மும்மணிகளில் நற்காட்சி முதலில், நல்ஞானம் அதன் பிறகு, நல்லொழுக்கம் மூன்றாவது. காட்சி கோணலாக இருந்தால், கற்ற கல்வி எவ்வளவு இருந்தாலும் அது நல்ஞானம் ஆகாது. ஒருவன் காண்பது உண்மையின் ஒரு பக்கம் மட்டுமே என்று அநேகாந்தவாதம் சொல்கிறது. சுயபுத்தியின் எல்லையை ஒத்துக்கொள்ளாதவனுக்கு இரண்டு வீட்டிலும் வாசல் திறக்காது.

கட்டுரையை முடிக்கும் நேரத்தில் ஒரு வீட்டு விஷயம். இப்போது என் மகன் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்கிறான். லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் காட்டினான். என்னுடைய பழைய காகிதக் கணக்கைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாய் திறந்து சரி என்று சொல்லவும் வரவில்லை. “முதல் பக்கத்திலே ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டு வா. இந்தக் கடை யாருக்காகன்னு எழுது” என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் ஆகிறது. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் எழுதி முடிக்கும்வரை நானும் காத்திருக்கப் போகிறேன்.